குருந்தமும் கத்தியும்: பருமணிச் சாணைப்பட்டிகளின் தெரிவும் பயன்பாடும்

கத்தியைத் தீட்டுதல் வேறு. கத்தியை ஆக்குதல் வேறு. மழுங்கிய விளிம்பைக் கல்லில் இழுத்துக் கூராக்குவது முன்னையது. நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடொன்றின் இரு பக்கங்களையும் சரிவாகத் தேய்த்து, முதுகில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் அமையும் ஆப்பு வடிவத்தை அதற்கு அளிப்பது பின்னையது. முன்னதில் அகற்றப்படும் உருக்கு மிகச் சொற்பம். பின்னதிலோ தகட்டின் கணிசமான பகுதி தூளாகவும் தீப்பொறியாகவும் நீங்குகின்றது. இவ்வளவு உருக்கைக் கை அரத்தால் அகற்றுவது இயலாததன்று. எனினும் நெடுநேரம் வேண்டும். ஆதலால் இன்று உலகெங்கும் கத்தி செய்வோர் பெரும்பாலும் சுழலும் சாணைப்பட்டியையே நாடுகின்றனர். பட்டறைகளில் இது ‘பெல்ற்’ என்றே வழங்கும்.

இத்தொழிலிற் புதிதாகப் புகுவோரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருப்பதைக் காணலாம். பருமணிப்பட்டி முரடானது, ஆதலால் அலகைக் கெடுக்கும். நுண்மணிப்பட்டியும் பழகித் தேய்ந்த பட்டியும் மென்மையானவை, ஆதலால் தீங்கற்றவை என்பதே அது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கூரிய பருமணி உருக்கை வெட்டி நீக்குகின்றது. மழுங்கிய மணி உருக்கைத் தேய்த்துச் சூடாக்குகின்றது. வெட்டுதலுக்கும் தேய்த்தலுக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாட்டை விளக்கி, அதன்வழிப் பருமணிப்பட்டிகளைத் தெரிவு செய்யும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

சாணைப்பட்டிகளிற் பதிக்கப்படும் மணிகளுட் பெரும்பாலானவை அலுமினியம் ஒட்சைட்டினால் ஆனவை. இவ்வொட்சைட்டு இயற்கையிற் பளிங்காகக் கிடைக்கும்போது குருந்தம் எனப்படும். ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் இக்கனிமத்துக்கு வழங்கும் பெயர் நமது குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதே என்பதை அம்மொழிகளின் அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. 1798 ஆம் ஆண்டிலே சாள்சு கிறெவில் என்பார் இலண்டன் வேத்தியற் கழகத்தின் வெளியீட்டில், ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மணி வெட்டுவோரும் மெருகிடுவோரும் கையாண்ட ஒரு பொருளின் பெயர் இவ்வாறு உலக அறிவியலின் பொதுச்சொல்லாயிற்று.

இரத்தினபுரிப் பகுதியிலே ‘இல்லம்’ எனப்படும் மணற்படையிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் நீலமும் செம்மணியும் இக்குருந்தத்தின் வகைகளே. சிறிதளவு குரோமியம் கலந்தவிடத்துச் செந்நிறமும், இரும்பும் தைத்தேனியமும் கலந்தவிடத்து நீலநிறமும் தோன்றுகின்றன. மோவின் வன்மை அளவுகோலிலே வைரம் பத்தாமிடத்தையும் குருந்தம் ஒன்பதாமிடத்தையும் பெறுகின்றன. மோதிரத்திலே ஒளிரும் நீலமும், பட்டறையிலே உருக்கைத் தேய்க்கும் செங்கபில நிறப் பட்டியின் மணியும் வேதியியல் நோக்கில் ஒரே பொருளே என்பது சிந்திக்கத்தக்கது.

பழங்காலத்தில் ஏகேயன் கடலிலுள்ள நக்சோசுத் தீவில் அகழப்பட்ட எமரி என்னும் கல்லும் குருந்தமும் இரும்பு ஒட்சைட்டும் கலந்ததேயாம். எனினும் இயற்கைப் பொருள்களின் தரம் இடத்துக்கிடம் வேறுபடும். 1891 இல் ஐக்கிய அமெரிக்காவிலே எட்வேட் அச்சிசன் என்பார் மின்னுலையிலே சிலிக்கன் காபைட்டை ஆக்கினார். 1897 இல் பொக்சைற்றை மின்வில்லில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்யும் முறை கண்டறியப்பட்டது. இவ்விரண்டின் பின்னரே ஒரே தரமான மணிகளைப் பேரளவில் ஆக்கி, துணியிற் பதித்துப் பட்டியாக்கும் தொழில் வளர்ந்தது.

பட்டியின் அமைப்பு

பட்டி மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலாவது தாங்குதுணி. இது பருத்தியாகவோ பொலியெசுத்தராகவோ இருக்கலாம். வளைந்து கொடுக்கும் மெல்லிய பருத்தித் துணி ‘ஜே’ என்றும், விறைப்பான தடித்த பருத்தித் துணி ‘எக்ஸ்’ என்றும், வலிமை மிக்க பொலியெசுத்தர் துணி ‘வை’ என்றும் குறிக்கப்படும். பருமணிப்பட்டிக்கு விறைப்பான துணியே வேண்டும். மணி உருக்கிற் கடித்து நிற்கும்போது அதன் அடி அசையாதிருத்தல் அவசியம். ஆதலால் கத்தியின் சரிவுகளை முதன்முதல் உருவாக்கும் வேலைக்கு எக்ஸ் அல்லது வை வகையும், பிடியின் வளைவுகளை ஒப்பமிடும் வேலைக்கு ஜே வகையும் பொருந்தும்.

இரண்டாவது உறுப்பு பிணைபொருள். முற்காலத்தில் விலங்குத் தோலிலிருந்து பெற்ற பசை பயன்பட்டது. அது வெப்பத்தில் இளகும், ஈரத்தில் நெகிழும். இன்று உருக்கு வேலைக்கான பட்டிகளிற் பீனோல் பிசினே பயன்படுகின்றது. முதலில் ஒரு பிசின் படை பூசப்பட்டு அதன்மேல் மணிகள் பதிக்கப்படும். பின்னர் மணிகளின் இடைவெளிகளை நிரப்ப இரண்டாவது படை பூசப்படும். சில பட்டிகளில் மூன்றாவது படையும் உண்டு. அதிலே பொற்றாசியம் புளோரோபோரேற்றுப் போன்ற உப்பு சேர்க்கப்பட்டிருக்கும். தேய்க்கும் இடத்தின் வெப்பத்தில் இவ்வுப்பு உருகி, மணிக்கும் உருக்குக்கும் இடையிலான உராய்வைக் குறைக்கின்றது. துருவேறா உருக்கைத் தேய்க்கும்போது இதன் பயன் நன்கு புலப்படும்.

மூன்றாவது உறுப்பு மணிகள். அவை வெறுமனே தூவப்படுவதில்லை. பலமான மின்புலமொன்றிலே மணிகளைச் செலுத்தினால், ஒவ்வொரு மணியும் தன் நீண்ட அச்சு புலத்தின் திசைக்கு இணங்குமாறு நிமிர்ந்து பாய்ந்து பிசினிற் பதிகின்றது. இதனால் மணிகளின் கூர்முனைகள் வெளிநோக்கி நிற்கின்றன. புதிய பட்டியை விரலால் மெல்லத் தொடும்போது உணரப்படும் கூர்மைக்கு இதுவே காரணம்.

மணியின் அளவு

பட்டியின் பின்புறத்தில் ‘பி’ என்னும் எழுத்தோடு ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். இது ஐரோப்பியத் தேய்பொருள் ஆக்குநர் கூட்டமைப்பின் அளவை முறையாகும். எண் பெருகப் பெருக மணி சிறிதாகும். பி-24 இன் சராசரி மணியளவு 764 மைக்கிரோமீற்றர். பி-36 இற்கு 538. பி-60 இற்கு 269. பி-80 இற்கு 201. பி-120 இற்கு 125. பி-220 இற்கு 68 மைக்கிரோமீற்றர். பி-36 மணியின் அளவு அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் என்று நினைவிற் கொண்டால் ஏனையவற்றை ஒப்பிட்டு உணர்தல் எளிது.

அமெரிக்க அளவை முறை எழுத்தின்றி எண்ணை மட்டும் குறிக்கும். பருமணிகளில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒத்துள்ளன. நுண்மணிகளிலோ பெரிதும் வேறுபடுகின்றன. அமெரிக்க 600 ஏறத்தாழ 16 மைக்கிரோமீற்றர். பி-600 ஏறத்தாழ 26 மைக்கிரோமீற்றர். இவ்வேறுபாட்டை அறியாது இரு முறைகளையும் கலந்து வாங்குவோர் ஒப்பமிடும் கட்டத்தில் இடர்ப்படுவர்.

கத்தியின் சரிவுகளை ஆக்குவதற்குப் பி-36 முதல் பி-60 வரையுள்ளவை பருமணிகளாகக் கொள்ளப்படும். பி-24 இலும் பருத்தவை மிக ஆழமான கீறல்களை விடுவதால், அவற்றை நீக்கும் உழைப்பு முன்பு மிஞ்சிய நேரத்தை விழுங்கிவிடும். பொதுவாக ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குச் செல்லும்போது மணியளவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைதல் நன்று. பி-36, பி-60, பி-120, பி-220 என்னும் வரிசை இவ்விதிக்கு இணங்குவதைக் காணலாம். பி-36 இலிருந்து நேரே பி-220 இற்குத் தாவுபவர், ஆழமான கீறல்களை நீக்கும் ஆற்றலற்ற பட்டியைக் கொண்டு நெடுநேரம் தேய்ப்பர். அந்நெடுநேரத்தில் அலகு சூடேறும். பட்டியொன்றை மிச்சப்படுத்த எண்ணி அலகையே இழக்கும் நிலை இவ்வாறு தோன்றுகின்றது.

மணியின் வகை

கத்தி உருக்குக்கான மணிகளை நான்காக வகுக்கலாம்.

உருக்கிய அலுமினியம் ஒட்சைட்டு மலிவானது, எங்கும் கிடைப்பது. வன்மையுள்ள உருக்கில் இதன் முனைகள் விரைவில் மழுங்கும். மழுங்கியபின் இது இலகுவில் உடைந்து புது முனையைத் தருவதில்லை. பிடிக்கான மரவேலைக்கும், இறுதி ஒப்பத்துக்கும், வலுக் குறைந்த இயந்திரங்களுக்கும் ஏற்றது.

சிலிக்கன் காபைட்டு குருந்தத்திலும் வன்மை கூடியது. ஆயின் உருக்கைத் தேய்ப்பதற்கு அது குருந்தத்தைவிடத் தாழ்ந்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். தேய்க்கும் இடத்தின் உயர்ந்த வெப்பநிலையில் இம்மணியிலுள்ள காபனும் சிலிக்கனும் இரும்பிற் கரைய முற்படுகின்றன. அதனால் மணியின் முனை வேதியியல் முறையாகவே கரைந்து மழுங்குகின்றது. வன்மை ஒன்றே தேய்பொருளின் தகுதியன்று என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. கல், கண்ணாடி, கொம்பு முதலியவற்றுக்கும், நீருடன் கையால் ஒப்பமிடுவதற்கும் இம்மணி சிறந்ததே.

மூன்றாவது வகை அலுமினியம் ஒட்சைட்டும் சேர்க்கோனியம் ஒட்சைட்டும் சேர்த்து உருக்கி விரைவாகக் குளிரச் செய்தது. இது உரமானது. போதிய அமுக்கத்தில் இதன் முனைகள் சிறு சிறு துண்டுகளாக உடைந்து புதிய கூர்களை வெளிப்படுத்தும்.

நான்காவது, செரமிக் மணி எனப்படுவது. இது உலையில் உருக்கி உடைக்கப்படுவதன்று. அலுமினியம் சேர்வையொன்றைக் கூழாக்கி, உலர்த்தி, உருகுநிலைக்குக் கீழேயே சுட்டெடுக்கப்படுவது. 1981 இல் அமெரிக்காவின் திறீ எம் நிறுவனம் இவ்வகை மணிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஒவ்வொரு மணியும் மிக நுண்ணிய பளிங்குகளின் தொகுதியாதலால், முனை மழுங்கும்போது முழு மணியும் பிளவாது நுண்துண்டுகள் மாத்திரம் உதிர்கின்றன. பிற்காலத்தில் மணிகளை ஒரே அளவான முக்கோண வடிவிலே வார்த்தெடுக்கும் முறையும் வந்தது. தோய்ச்சலிட்ட உருக்கைத் தேய்ப்பதற்கு இன்று இதுவே சிறந்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. மூன்றாம் நான்காம் வகை மணிகள் உடைந்து புதுமுனை பெறுவதற்கு அமுக்கமும் கதியும் வேண்டும். வலுக்குறைந்த மோட்டரில் இவற்றை மெல்லத் தொட்டுத் தேய்ப்பவரின் பட்டி உடைவதில்லை; மினுமினுப்பேறி மழுங்குகின்றது. விலையுயர்ந்த பட்டி மலிவான பட்டியிலும் கீழாக வேலை செய்யும் விந்தை இதனால் நிகழ்கின்றது. மணியைத் தெரியுமுன் இயந்திரத்தை அறிதல் வேண்டும். 50 மில்லிமீற்றர் அகலமான பட்டியை முழு அமுக்கத்தில் இயக்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாற்று வலு விரும்பத்தக்கது. அரைக் குதிரைவலு மோட்டர் மாத்திரம் உடையவர் ஒடுங்கிய பட்டியையும் சாதாரண அலுமினியம் ஒட்சைட்டையும் தெரிந்து, அதனை அடிக்கடி மாற்றுவது சாலச் சிறந்தது.

உருக்கின் இயல்பும் கருதற்குரியது. 1084 எனப்படும் எளிய காபன் உருக்கு எவ்வகை மணிக்கும் இணங்கும். வனேடியம் மிகுந்த உருக்குகளிலோ நிலை வேறு. அவற்றிற் பரந்துள்ள வனேடியம் காபைட்டுத் துணிக்கைகள் குருந்தத்திலும் வன்மையானவை. எஸ்90வி எனப்படும் உருக்கில் ஏறத்தாழ 9 நூற்றுவீதம் வனேடியம் உண்டு. அத்தகைய அலகொன்றை ஆக்குபவர் எளிய உருக்குக்கு வேண்டியவற்றிலும் பன்மடங்கு பட்டிகளைச் செலவிட ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

வெப்பமும் விளிம்பும்

மணியொன்று உருக்கின்மேற் செல்லும்போது மூன்று நிகழ்ச்சிகளுள் ஒன்று நடைபெறும். முனை போதிய ஆழம் புகாவிடின் வெறுமனே உராய்ந்து செல்லும். சிறிது புகின், உழவன் சால் இடுவதுபோல உருக்கை இருமருங்கும் ஒதுக்கும்; எதனையும் அகற்றாது. போதிய ஆழம் புகுந்தாலே சீவலொன்றை வெட்டியெடுக்கும். முதலிரண்டிலும் செலவாகும் சக்தி முழுவதும் வெப்பமாகி அலகிலும் பட்டியிலும் தங்குகின்றது. மூன்றாவதிலோ வெப்பத்தின் ஒரு பகுதி சீவலோடு பறந்துவிடும். பறக்கும் அச்சீவல் காற்றில் எரிவதையே நாம் தீப்பொறியாகக் காண்கின்றோம். மேலும், ஒரே கனவளவு உருக்கைப் பல நுண்சீவல்களாக அகற்றுவதற்குச் சில பெருஞ்சீவல்களாக அகற்றுவதிலும் மிகுந்த சக்தி தேவைப்படும். கூரிய பருமணி குளிர்ந்து வெட்டுவதன் காரணம் இதுவே.

வெப்பத்தை இத்துணை அஞ்சுவதேன்? காபன் உருக்குக் கத்தி தோய்ச்சலிட்டபின், ஏறத்தாழ 175 முதல் 230 பாகை செல்சியசு வரையுள்ள ஒரு வெப்பநிலையிற் பதமாக்கப்படுகின்றது. பதமாக்கிய வெப்பநிலைக்கு மேல் விளிம்பு சூடானால் அதன் வன்மை குறையத் தொடங்கும். சூடேறும் உருக்கின்மேல் ஒட்சைட்டு மென்படலம் தோன்றி, வைக்கோல் நிறம், கபிலம், ஊதா, நீலம் என வரிசையாக நிறம் மாறும். வைக்கோல் நிறம் 220 பாகையளவிலும் நீலம் 300 பாகையளவிலும் தோன்றுவன.

சிறு கணக்கொன்று இதனை விளக்கும். விளிம்பை ஒட்டிய ஒரு மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் நீளமும் உள்ள கீற்றின் சராசரித் தடிப்பு கால் மில்லிமீற்றர் எனக் கொள்வோம். அதன் கனவளவு 12.5 கன மில்லிமீற்றர். திணிவு ஏறத்தாழ 0.1 கிராம். உருக்கின் தன்வெப்பம் கிராமுக்கு 0.46 யூல் ஆதலால், இக்கீற்றை 200 பாகை உயர்த்துவதற்கு 9 யூல் போதும். ஒன்றரைக் கிலோவாற்று மோட்டரின் வலுவில் நூறில் ஒரு பங்கு மாத்திரம் இக்கீற்றிற் புகுந்தாலும் செக்கனுக்கு 15 யூல் கிடைக்கும். அஃதாவது, அரைச் செக்கனுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் விளிம்பு கெட்டுவிடும். நான்கு மில்லிமீற்றர் தடித்த முதுகில் அதேயளவு கீற்றுக்கு வேண்டிய வெப்பமோ இதன் பதினாறு மடங்கு. அயலுக்குக் கடத்தப்படும் வெப்பத்தை இக்கணக்கு விட்டுவிட்டது உண்மையே. எனினும் விளிம்பும் முதுகும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது.

இதனினும் கொடியது, இக்கேடு கண்ணுக்குத் தப்புவதாகும். நீலநிறப் படலம் மிக மெல்லியது. அடுத்த முறை பட்டியில் வைத்ததும் அது அழிந்து அலகு வெண்மையாக ஒளிரும். நிறம் போயிற்று, மென்மை போகவில்லை. அத்தகைய கத்தி விற்பனைப் பலகையிற் குறையற்றதாகத் தோன்றும். வாங்கியவர் சில நாட்களிலே நுனியருகே மாத்திரம் அது அடிக்கடி மழுங்குவதைக் காண்பார். தாம் தீட்டத் தெரியாதவர் எனத் தம்மையே நொந்துகொள்வார். துருவேறா உருக்குகளில் இந்நிறங்கள் இன்னும் உயர்ந்த வெப்பநிலையிலேயே தோன்றும். கணநேரச் சூட்டில் எவ்வுருக்கிலும் நிறம் பிந்தியே தெரியும். ஆதலால் நிறம் தோன்றவில்லை என்பது தீங்கு நேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. இது செய்பவனின் மனச்சாட்சியைச் சார்ந்த விடயம். நீலம் பாய்ந்த விளிம்பை மினுக்கி மறைப்பதா, கெட்ட பகுதி முழுவதையும் தேய்த்து நீக்குவதா என்பதை அவனன்றி வேறெவரும் அறியார்.

கதி

பட்டியின் கதியை இயக்கும் சில்லின் விட்டமும் மோட்டரின் சுழற்சியும் தீர்மானிக்கின்றன. 50 ஏற்சு மீடிறனுள்ள மின்வழங்கலில் இருமுனை மோட்டர் சுமையுடன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 முறையும், நான்குமுனை மோட்டர் 1,440 முறையும் சுழலும். சில்லின் விட்டம் 100 மில்லிமீற்றராயின் அதன் சுற்றளவு 314 மில்லிமீற்றர். ஆகவே பட்டியின் கதி முன்னதிற் செக்கனுக்கு 15 மீற்றரும் பின்னதில் 7.5 மீற்றருமாகும். 150 மில்லிமீற்றர்ச் சில்லை இருமுனை மோட்டரிற் பூட்டினாற் கதி 22 மீற்றரைத் தாண்டும். தோய்ச்சலுக்கு முன் பருமணியாற் சரிவாக்குவதற்கு 15 முதல் 25 மீற்றர் வரையான கதியும், தோய்ச்சலிட்ட மெல்லிய விளிம்புக்கு 5 முதல் 10 மீற்றர் வரையான கதியும் ஏற்றவை. மீடிறன் மாற்றி பொருத்தக்கூடியவர் இரு தேவைகளையும் ஒரே இயந்திரத்தில் நிறைவேற்றலாம்.

பட்டிக்குப் பின்னாலுள்ள தாங்கியும் வெட்டுதலைப் பாதிக்கும். தட்டையான உருக்குத் தட்டின்மேல் தேய்த்தாற் சரிவு தட்டையாக அமையும். இறப்பர்ச் சில்லின்மேல் தேய்த்தாற் சரிவு குழிவாக அமையும். தொடுபரப்பு சிறிதாதலால் ஒவ்வொரு மணியின்மீதும் அமுக்கம் கூடி வெட்டு விரைவாகும். தவாளிப்பு வெட்டப்பட்ட சில்லு இதனை மேலும் கூட்டும்.

பயன்படுத்தும் முறை

பட்டியைப் பூட்டுமுன் அதன் பின்புறத்து அம்புக்குறியை நோக்குதல் வேண்டும். மேற்பொருந்து மூட்டுள்ள பட்டியைத் திசைமாற்றிப் பூட்டினால் மூட்டு அலகிற் சிக்கிப் பிரியக்கூடும். பட்டிகளை மடிக்காமல், பருத்த குழாயொன்றிலே தொங்கவிட்டு, ஈரலிப்பும் கடும் வெயிலும் அணுகாத இடத்திற் பேணுதல் வேண்டும். ஈரப்பதன் மிகுந்த நமது கரையோரங்களிற் பருத்தித் துணி ஈரத்தை ஈர்த்து நீளும். பட்டி ஓட்டத்தில் விலகும்.

தகட்டின் விளிம்பிலே நிறமை பூசி, தகட்டின் தடிப்புக்குச் சமமான விட்டமுள்ள துளையூசியின் நுனியால் இரு பக்கமிருந்தும் நடுக்கோடு கீறிக்கொள்ளுதல் முதற் படியாகும். அடுத்து, தகட்டின் சதுர மூலையைப் பழைய பட்டியொன்றினால் 45 பாகையளவிற் சாய்த்துவிடல் வேண்டும். புதிய செரமிக் பட்டியிற் சதுர மூலையை அழுத்தினால், அக்கூரிய மூலை மணிகளை வேரோடு பெயர்த்துவிடும். இவ்விடத்தில் மாத்திரமே தேய்ந்த பட்டி சிறந்தது எனலாம்.

பின்னர்ப் புதிய பி-36 பட்டியைப் பூட்டி, முழங்கைகளை உடலோடு அணைத்து, கைகளால் அன்றி உடலின் அசைவால் அலகைப் பிடியடியிலிருந்து நுனிவரை சீராக இழுத்தல் வேண்டும். எவ்விடத்தும் தரித்து நிற்றல் ஆகாது. அமுக்கம் உறுதியாகவும், தொடும் நேரம் குறுகியதாகவும் இருக்கட்டும். நுனி மெல்லியதாதலால் அதனை அணுகும்போது அமுக்கத்தைத் தளர்த்துதல் வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் அலகைப் புரட்டி, இரு பக்கங்களையும் சமமாகக் குறைத்தல் நன்று.

தோய்ச்சலுக்கு முன் விளிம்பில் ஏறத்தாழ 0.7 முதல் 1 மில்லிமீற்றர் வரை தடிப்பை விட்டுவைத்தல் வேண்டும். அதனிலும் மெலிந்தால் தோய்ச்சலில் அலகு கோணும். மேற்பரப்பின் காபன் எரிந்து நீங்கிய பகுதியை அகற்றவும் இடமிராது. பி-36 இன் ஆழமான கீறல்களையும் அப்படியே விடலாகாது. தோய்ச்சலின் அதிர்ச்சியில் ஆழ்ந்த கீறல் வெடிப்பின் தொடக்கமாகலாம். பி-120 வரை ஒப்பமிட்டபின் தோய்ச்சலிடுவது பாதுகாப்பானது. கட்டம் மாறும்போது அலகைப் பிடிக்கும் கோணத்தைச் சற்று மாற்றினால், பழைய கீறல்கள் புதியவற்றைக் குறுக்கிட்டுத் தெரியும். அவை முற்றாக மறையும்வரை அடுத்த கட்டத்துக்குச் செல்லலாகாது.

தோய்ச்சலுக்கு முன் அலகு சூடேறுவது பெருங்கேடன்று. தோய்ச்சல் அதனைத் திருத்திவிடும். ஆதலால் உருக்கின் பெரும்பகுதியை முன்னரே அகற்றுவது அறிவுடைமை. தோய்ச்சலின் பின்னரோ நிலை முற்றிலும் மாறுகின்றது. அப்போது புதிய பி-60 அல்லது பி-120 பட்டி, தாழ்ந்த கதி, வெறுங்கை, அருகில் நீர் நிறைந்த வாளி என்னும் நான்கும் வேண்டும். 45 பாகையளவிலேயே விரல் வலியை உணரும். எனினும் விரல் தொடுவது அலகின் பக்கத்தையே. விளிம்பின் வெப்பம் அதனிலும் மிக மேலாக இருக்கக்கூடும். ஆகவே விரல் சுடும்வரை காத்திராது ஒவ்வோர் இழுப்பின் பின்னும் நீரில் நனைப்பது நன்று. அலகில் ஒட்டிய நீர்த்துளி விளிம்பருகே ஆவியாகத் தொடங்கினால் அதுவே எச்சரிக்கை. கையுறை வெப்ப உணர்வை மறைப்பதோடு பட்டியிற் சிக்கும் அபாயமும் உடையது.

விளிம்பு கூரானபின் அதனைப் பட்டி ஓடிவரும் திசைக்கு எதிராகக் காட்டலாகாது. கூர்விளிம்பு பட்டியிற் கடித்தாற் கத்தி கையை விட்டுப் பாயும். பட்டி முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விலகியோடுமாறு பிடிப்பதே முறை.

தேய்ந்த பட்டியை அறிதல்

பட்டி மழுங்கியமையை நான்கு குறிகளால் அறியலாம். தீப்பொறிகளின் திரள் மெலியும். கரகரத்த ஒலி குறைந்து வழுக்கும் ஒலி எழும். தேய்ந்த பரப்பு கீறலின்றி மினுமினுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னிலும் கூடிய அமுக்கத்தைக் கை தானாகவே இடத் தொடங்கும். இந்நான்காவது குறியே மிக முக்கியமானது. கை அழுத்த அழுத்த வெப்பம் ஏறும், கத்தி வழுக்கும், கோணம் குலையும். அவ்வேளையில் இயந்திரத்தை நிறுத்திப் பட்டியை மாற்றுவதே செய்யற்பாலது. பட்டியை விலையற்ற பொருள்போலக் கருதிப் பயன்படுத்துக என அமெரிக்கக் கத்தியாக்குநர் தம்முட் சொல்லிக்கொள்வர். இறக்குமதிப் பட்டி விலைமிக்க நாடுகளில் இவ்வறிவுரை கசப்பானதே. எனினும் உருக்கு, உழைப்பு, தோய்ச்சலின் எரிபொருள் ஆகியவற்றோடு ஒப்பிடின், கெட்ட அலகொன்றின் விலை பட்டியின் விலையிலும் கூடியது என்பது தெளிவு. மழுங்கிய பருமணிப்பட்டியை எறிய வேண்டியதில்லை. மூலைகளைச் சாய்த்தல், தகட்டின் செதிலகற்றல், பிடி மரத்தை உருப்படுத்தல் முதலிய வேலைகளுக்கு ஒதுக்கலாம். விளிம்புக்கு மாத்திரம் அதனைக் காட்டலாகாது.

தூசி

இங்கிலாந்தின் செபீல்டு நகரம் கத்தித் தொழிலாற் புகழ்பெற்றது. அங்கு 19 ஆம் நூற்றாண்டிலே மணற்கற் சாணைகளிற் கத்தியும் முள்ளுக்கரண்டியும் தேய்த்தோர் சிலிக்காத் தூசியைச் சுவாசித்து இளமையிலேயே மாண்டனர். உலர்சாணையில் வேலை செய்தோரின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளை எட்டுவதே அரிது. நீர்ச்சாணையில் வேலை செய்தோர் 45 ஐத் தாண்டுவது அரிது என அந்நகர மருத்துவர் நைற் கூறியதை, 1845 இல் வெளியான தமது நூலில் ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். சாணைத் தொழிலாளருட் பெருங்குடியரே நீண்டநாள் வாழ்ந்தனர் என்றும், அவர்கள் வேலைக்கு வராத நாட்கள் மிகுதி என்பதே அதன் காரணம் என்றும் அம்மருத்துவர் குறித்தார். இதனிலும் கொடிய சான்று வேறு வேண்டுமோ?

செயற்கை மணிகள் மணற்கல்லை அகற்றியமை உயிர்காத்த மாற்றங்களுள் ஒன்று. எனினும் பட்டியின் தூசி தீங்கற்றதன்று. துருவேறா உருக்கின் தூசியிற் குரோமியமும் நிக்கலும் இருக்கக்கூடும். பிசின் தூசியும் மரத்தூசியும் நுரையீரலை வருத்துவன. முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடியும், கண்ணாடியும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடும் இன்றியமையாதவை. மூக்கிலே கட்டிய துணி போதாது. உருக்கின் தீப்பொறி விழும் இடத்திலே மரத்தூளையோ அலுமினியத் தூளையோ சேரவிடலாகாது. அது தீவிபத்துக்கு வித்தாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பருமணிப்பட்டியின் தெரிவு மூன்று கேள்விகளில் அடங்கும். இயந்திரத்தின் வலு யாது? உருக்கின் இயல்பு யாது? அலகு தோய்ச்சலுக்கு முன்னதா, பின்னதா? இம்மூன்றுக்கும் விடை கண்டவர்க்கு மணியின் வகையும் அளவும் கதியும் தாமே புலப்படும். பயன்பாடோ ஒரே விதியில் அடங்கும்: மணி வெட்டும்வரை பயன்படுத்துக, உராயத் தொடங்கியதும் நிறுத்துக.

மணி வெட்டுவோரின் வாயில் வழங்கிய தமிழ்ச் சொல்லொன்று உலகத்தின் கனிமப் பட்டியலில் ஏறியுள்ளது. அச்சொல் குறிக்கும் பொருளின் இயல்பை நம் மொழியிலேயே அளந்தும் கணக்கிட்டும் எழுதுவது நம் கடமை. கொல்லனின் கைப்பழக்கமும் ஆய்வுகூடத்தின் கணக்கும் ஒன்றையொன்று அறியுமாயின், நீலம் பாய்ந்த விளிம்புகள் குறையும். தூசியால் நலிந்த நெஞ்சுகளும் குறையும்.